நாலேகால் அங்குலம்

அதிகாலை மூன்றரை.
வாலிநோக்கத்து உப்பளத்தில்
பம்புசெட் விளக்கு மட்டும் விழித்திருக்கிறது.
நானும் இபுறாம்சாவும்
குழிவெட்டி, வாளி, டார்ச் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம்,
பதினெட்டுக் குழிக்கு இடம் பார்க்க.

இன்று ஒரு தொழில்காரருக்கு மூன்று ஆசைக்காரர்.
பெயர்ப்பட்டியலை நேற்றிரவே
சோறு ஆறும்வரை படித்தேன்:
பரமக்குடிப் பல் மருத்துவர்,
இறால் ஏற்றுமதிக்காரர், கூடவே அவர் சம்பந்தி,
கஸ்டம்ஸில் ஓய்வுபெற்ற ஓர் அம்மாள்
(எந்தத் திசை பார்த்து நின்றாலும்
பந்து வலப்பக்கமே போகும் அவருக்கு),
உப்பு மண்டி பூவலிங்கம்.
இவர்களோடு
போன வருஷம் டூர் கார்டை இழந்து
தவணையில் மட்டை வாங்கிய
இருபத்திரண்டு வயதுப் பையன்.
அத்தனை பேருக்கும் ஒரே குழி.
அகலம் நாலேகால் அங்குலம்.

முதலாளி போனில் சொன்னார்:
“பதினேழுல கொடியைக் கடலோரம் வைங்க ரெஜினாம்மா,
ட்ரோன்ல படம் அள்ளும்.”

கடலோரம் என்றால்
கிரீன் தோள் சரித்து நிற்கும் மூலை.
போன வருஷம் அங்கேதான் வெட்டினேன்.
பூவலிங்கம் தட்டிய பந்து
குழியை நலம் விசாரித்துவிட்டு
வந்த வழியே இறங்கிப் போனது.
மறுபடி தட்டினார்.
மறுபடி அவர் காலடிக்கே வந்தது.
ஆறாவது தடவை
பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
பின்னால் மூன்று குழுக்கள்
குடை விரித்து வெயிலில் நின்றார்கள்.
ஒருவரும் சிரிக்கவில்லை;
சிரித்திருக்கலாம்.
சாயங்காலம் பரிசு மேடையருகே வந்து கேட்டார்:
“தாயீ, அது குழியா, பாகப்பிரிவினைக் கேஸா?
போகப்போகத் திரும்பி வருதே.”

இந்த வருஷமும் வருகிறார். மூன்றாவது குழு.

புல்லை அரை நூல் உயரமாக விட்டிருக்கிறேன்.
பந்து ஓட்டம் ஒன்பது அடி தாண்டாது.
நாலாவதில் டீயை இருபது கெஜம் முன்னால் நகர்த்தினோம்,
குளத்துக்குள் போகும் பந்துகள் பாதியாகும்.
எட்டாவதில் பங்கருக்குப் பின்னால்
ஒரு சின்ன வாசல் திறந்து வைத்தேன்;
பையன் கண்டுபிடிக்கட்டும்.
மற்றவர்கள் சுற்றிக்கொண்டு வந்து சேர்வார்கள்,
ஓர் அடி கூடும், அவ்வளவுதான்.

சரிவு பார்க்க
இபுறாம்சா நெஞ்சை மண்ணில் வைத்துப் படுத்து
டார்ச் அடிப்பான்.
நான் வாளித் தண்ணீரைக் கொஞ்சம் சாய்ப்பேன்.
தண்ணீருக்கு முதலாளி கிடையாது.
இப்போது வாடை. மெலிசாக, கரையிலிருந்து.
பத்து மணிக்குமேல் சோளகம் திரும்பும்;
காலையில் குழந்தை மாதிரி இருக்கும் பதின்மூன்றாவது
அப்போது பல்லைக் காட்டும்.
அதற்கு இரண்டு தப்படி உள்ளே தள்ளி வெட்டினேன்.

பதினேழு.
கடலோர மூலைக்கு டார்ச்சைத் திருப்பியவன்
“மேடம், இங்க வேற ஆள் வெட்டிட்டாரு” என்றான்.
விளிம்பிலிருந்து சரியாக மூன்றடி.
வட்டமான நண்டு வளை.
சுற்றிலும் கடுகு கடுகாக மண் உருண்டை,
ராத்திரி முழுக்க வேலை பார்த்த கணக்கு.
படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினேன்:
அந்த இடம் போய்விட்டது சார்.

நடுவிலிருந்து சற்று இடப்பக்கம்
கிண்ணம் மாதிரி ஓர் உள்வாங்கல்.
எந்தப் பக்கம் தட்டினாலும்
பந்து கொஞ்சம் யோசித்து
அங்கேதான் வரும்.
குழிவெட்டியை இறக்கித் திருகினேன்.
வெளியே வந்த மண்ணும் புல்லும்
நேற்றைய குழியை அடைத்தது.
மிதித்து, தண்ணீர் தெளித்து,
தழும்பு தெரியாமல் சீவிவிட்டான் இபுறாம்சா.

பதினொன்றே காலுக்கு
மூன்றாவது குழு வந்தது.
பையன் நாலடியில் நின்று தட்டினான்.
உதட்டைத் தொட்டு வெளியே வந்தது.
அவ்வளவு எளிய இடத்தில்
அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்
மணல்வாரியை எடுத்து
இல்லாத காலடித்தடத்தை இழுத்துக்கொண்டிருந்தேன்.

பூவலிங்கம் பதினைந்தடி தள்ளி நின்றார்.
தட்டினார்.
பந்து வலப்பக்கம் ஏறியது, தயங்கியது,
வளைந்து இறங்கியது.
சத்தம் எனக்கும் கேட்டது.

அவர் போய்க் குனிந்து
மணிக்கட்டுவரை உள்ளே விட்ட கையை
உடனே வெளியே எடுக்கவில்லை.